நேராக ஓடிய விரிசல்

பழைய கார்கள் விற்கும் அந்த யார்டில் அவளுக்குப் பெயர் பளபளா. யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள். ஆளைப் பார்த்தால் பளபளப்புக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ரப்பர் ஏப்ரன், கணவனுடைய பழைய சட்டை, நகக்கண்ணில் எந்தச் சோப்புக்கும் அசையாத கறுப்பு. ஆனால் அவள் துணி பட்ட வண்டி, ஓடி ஓய்ந்த வண்டியானாலும், வாசலில் நிற்கும்போது நேற்றுத்தான் கம்பெனியிலிருந்து இறங்கியதுபோல இருக்கும்.

இந்தத் தொழிலுக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. அங்கே பெயின்டராக இருந்தவர் அவளுடைய கணவர். ஒரு நாள் முற்பகல், பெயின்ட் அடிக்கும் துப்பாக்கியும் கையுமாக நின்றிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். உயிர் தங்கியது, வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. வா, வேணாம், தண்ணி என்று சில சொற்கள் மட்டும் மிஞ்சின. ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்த அன்று முதலாளி வீட்டுக்கே வந்தார்.

"இந்த வீட்டக் காலி பண்ணிட்டு யார்டுக்குப் பின்னாடி இருக்கிற ரூம்ல வந்து இருங்க. அவனால முடியலன்னா என்ன, நீ வண்டி கழுவு. பாத்துக்கலாம்."

அந்த வார்த்தையை அவள் மறக்கவில்லை. மறக்க முடியாமல் போனதுதான் பின்னால் பெரிய தொல்லையாயிற்று.

அறையின் ஒரே ஜன்னல் யார்டைப் பார்த்து இருந்தது. கட்டிலை அதன் ஓரமாகப் போட்டாள். கணவர் படுத்தபடியே அவள் வேலை செய்வதைப் பார்ப்பார். துணியை வட்டமாகத் தேய்த்தால் தலையை ஆட்டி வேண்டாம் என்பார். நேராக இழுத்தால் கண்ணை மூடித் திறப்பார். அப்படியே கழுவுகிறவள் பாலிஷ் போடுகிறவள் ஆனாள். வருஷங்கள் போயின. வேலையும் அறையும் ஒரே முடிச்சில் இருந்தன. ஒன்று அவிழ்ந்தால் மற்றதும் போய்விடும்.

யார்டில் வியாபாரம் படுத்துக்கொண்ட சமயம் அது. முதலில் சீட் தைக்கிறவரை நிறுத்தினார்கள். பிறகு அவளோடு சேர்ந்து கழுவிக்கொண்டிருந்த பெண்ணை. அடுத்தது யார் என்பதுதான் டீ நேரத்துப் பேச்சு. அந்தப் பேச்சு வந்தால் பளபளா டம்ளரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போய்விடுவாள்.

அப்போதுதான் அந்த அடர்சிவப்பு கார் வந்தது. யாரோ வேறு வண்டி எடுத்துக்கொண்டு, அதற்கு மாற்றாகக் கொடுத்துவிட்டுப் போனது. தூரத்தில் நின்றால் அழகாகத்தான் இருந்தது. கிட்டே போய் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் என்ஜினுக்கு மேலே முன்மூடியிலும் கூரையிலும் மயிரிழை மயிரிழையாக விரிசல். வெந்த முட்டையை மேசையில் உருட்டியதுபோல, உரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது பெயின்ட்.

"வெள்ளிக்கிழம ஒரு பார்ட்டி பாக்க வருது. வண்டி மூஞ்சியில சுருக்கம் தெரியக் கூடாது," என்றார் முதலாளி.

"திரும்ப அடிச்சாத்தான் முதலாளி சரியா வரும். இது மறைப்புத்தான். நாலு தடவ கழுவினா வெளிய வந்துரும்."

"நாலு தடவ கழுவறப்ப அது நம்ம வண்டியா என்ன?"

அவள் சிரித்தாள். அதில் அவளுக்குப் பெரிய உறுத்தல் கிடையாது. வயசானால் தோல் சுருங்கும், வெளியே போகும்போது நாலு பேர் பவுடர் பூசிக்கொள்வார்கள், அவ்வளவுதான் என்று அவளாகவே ஒரு நியாயம் வைத்திருந்தாள். என்ஜினும் பிரேக்கும் மெக்கானிக் பாடு.

காரைக் கழுவி, விரிசலுக்குள் இருந்த ஈரம் போகக் காற்றடித்தாள். மிஷினைத் தொடவில்லை, சூடேறினால் விளிம்பு உரிந்து வந்துவிடும். வெள்ளைப் பாலிஷும் ஆகாது. விரிசலுக்குள் காய்ந்து, கோலமாவு போட்டதுபோல் காட்டிக்கொடுக்கும். சிவப்புச் சாயம் கலந்த குழைவான பாலிஷை விரலில் சுற்றிய துணியால் குறுக்கே குறுக்கே அழுத்தி உள்ளே ஏற்றினாள். காய்ந்ததும், பூசியது எழுந்து வராதபடி மேலாகத் துடைத்தாள். பிறகு மெழுகு. முன்மூடி முடிந்து கூரை முடிந்து, முன் கண்ணாடியின் பக்கவாட்டில் கூரையைத் தாங்கி நிற்கும் பில்லருக்கு வந்தபோது கை நின்றது.

மற்ற விரிசல்கள் மனம்போன போக்கில் ஓடின. இது நேராக ஓடியது. பில்லருக்குக் குறுக்கே, அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல. சுற்றி வந்து அந்தப் பக்கத்துப் பில்லரைப் பார்த்தாள். அதே உயரத்தில் அதே கோடு. குனிந்து, கதவுக்குக் கீழே ஓடும் பட்டையைப் பார்த்தாள். அங்கேயும் மேலிருந்து கீழாக ஒன்று. நகத்தால் தட்டினாள். தகரம் போடும் சத்தம் வரவில்லை. கட்டை மாதிரி டொக்கென்றது. உள்ளே கனமாகப் பட்டி பூசியிருக்கிறது. பள்ளத்தை நிரப்பப் பெயின்டர்கள் பூசும் அந்த மாவு அந்த இடத்தில் இருக்க வேலையே இல்லை.

"இன்னும் முடியலியா?" என்று ஷெட் வாசலிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார்.

"முடிஞ்சிருச்சு முதலாளி. இந்தப் பக்கம் மட்டும்தான்."

அந்தக் கோடுகளை மற்ற எல்லா விரிசலையும்விடக் கவனமாக மூடினாள்.

சாயங்காலம் கணவருக்குச் சாப்பாடு கொடுக்கும்போது பேச்சோடு பேச்சாக அதைச் சொன்னாள். ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சிவப்பு வண்டியில பில்லர்ல ஒரு கோடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. அடியில பட்டையிலயும் இருக்கு."

அவர் வாயை மூடிக்கொண்டார். இடது கையை நீட்டித் தட்டிலிருந்த ரொட்டித் துண்டை எடுத்தார். அதைத் தன் நெஞ்சின் மேல் வைத்து அழுத்தி இரண்டாகப் பிய்த்தார். ஒரு பாதியைத் தரையில் எறிந்தார். தட்டிலிருந்து வேறொரு துண்டை எடுத்து, கையிலிருந்த பாதியோடு சேர்த்து அழுத்தி அவளிடம் நீட்டினார். சேர்த்த இடத்தில் பால் கசிந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பின்னால் அடிபட்ட ஒரு வண்டியின் முன்பாதி, முன்னால் அடிபட்ட இன்னொன்றின் பின்பாதி. நடுவில் வெட்டி ஒட்டி, மேலே பட்டி பூசி, பெயின்ட் அடித்து ஒரே காராக்கியிருக்கிறார்கள். எங்காவது மோதினால், ஏன், பெரிய பள்ளத்தில் வேகமாக இறங்கினாலே, ஒட்டு விட்டுப் போகும்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறக்கவில்லை. மூடிய இமை ஓரமாகத் தண்ணீர் இறங்கியது.

"நீங்க பட்டி போட்ட வண்டியா?"

"வேணாம்," என்றார். மறுபடியும், "வேணாம், வேணாம்."

அவள் கை கழுவிவிட்டு முதலாளிக்குப் போன் போட்டாள். அவர் ஏதோ விசேஷ வீட்டில் இருந்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"முதலாளி, அந்தச் சிவப்பு வண்டிய யாருக்கும் குடுக்காதீங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

"நாளைக்குப் பேசிக்கலாம்மா," என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று அவள் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். காலையில் கணவருக்கு ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி. விட்டால் அடுத்த முறை எப்போது கிடைக்குமோ தெரியாது. போய்விட்டு வந்து நேருக்கு நேர் சொல்லிவிடலாம் என்று கிளம்பினாள். அங்கே கூட்டம். திரும்பி வரும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தவள், ஷெட்டில் வெற்றுத் தரையைப் பார்த்தாள்.

முதலாளி மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வண்டி எங்க முதலாளி?"

"உன் தம்பி எடுத்துட்டுப் போயிட்டான். உனக்குச் சொல்லக் கூடாதுன்னு சொன்னான். திடீர்னு வந்து நிக்கணுமாம்."

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. பாத்திரக் கடையில் விற்பனை வேலை. கொஞ்ச நாளாகவே கார் தேடிக்கொண்டிருந்தான். நல்லது ஏதாவது வந்தால் சொல்கிறேன் என்று அவளே சொல்லியிருந்தாள்.

"வேற வண்டி காட்டினேன்," என்றார் முதலாளி, அவள் முகத்தைப் பார்க்காமல். "நீ மினுக்கினதுன்னு தெரிஞ்சதும் அவனுக்கு வேற எதுவும் பிடிக்கல. எங்க அக்கா கை வெச்சதுன்னா கண்ண மூடிட்டு எடுக்கலாம்னான்."

"அது வெட்டி ஒட்டின வண்டி முதலாளி."

அவர் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். தெரியும் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

தம்பிக்குப் போன் அடித்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். வண்டி ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்று அவனுக்குப் படித்துப் படித்துச் சொன்னது அவள்தான். தம்பி மனைவியின் நம்பருக்குப் போட்டாள். எத்தனையாவது முறையோ, எடுத்தாள்.

"அண்ணி, நாங்க எங்கம்மா வீட்டுக்குப் போய்ட்டிருக்கோம். வண்டி எப்படிப் போகுது தெரியுமா. பாப்பா தூங்கிட்டா. இப்ப பெட்ரோல் போட நிறுத்தியிருக்காரு."

"அங்கயே இருங்க. அந்த வண்டியில ஏறாதீங்கம்மா. நான் வரேன்."

"என்ன ஆச்சு அண்ணி?"

"ஏறாதீங்க. பாப்பாவத் தூக்கிட்டுக் கீழ இறங்கும்மா. வந்து சொல்றேன்."

அவர்கள் போகும் வழியில் இருப்பது ஒரே பெட்ரோல் பங்க்; அதைத் தாண்டினால் மலைப்பாதை. யார்டின் இழுவை வண்டி மரத்தடியில் நின்றது. அதை ஓட்டுகிறவரை எல்லோரும் கொக்கி என்பார்கள். முதலாளியிடம் கேட்காமலே அவள் அதில் ஏறி உட்கார்ந்தாள். "கொக்கி அண்ணே, வண்டிய எடுங்க," என்றாள். அவள் முகத்தைப் பார்த்த கொக்கி உடனே சாவியைத் திருப்பினார். கணவர் சக்கர நாற்காலியில் முற்றத்து வெயிலிலேயே இருந்தார். வாட்ச்மேன் ஓடிவந்து நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போவதைக் கண்ணாடியில் பார்த்தாள்.

வழியெல்லாம் சாலையோரத்தில் சிவப்பாக எது தெரிந்தாலும் எட்டி எட்டிப் பார்த்தாள். நல்லவேளையாகப் பங்கில் நின்றிருந்தார்கள். தம்பி காரில் சாய்ந்துகொண்டு நின்றான். பொறுமை போயிருந்தது. அவன் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிழலில் நின்றாள்.

"என்னக்கா இது, நடுவழியில நிக்க வெச்சு. நான் வாங்கினது உனக்குப் பொறுக்கலையா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

"இது ரெண்டு வண்டிடா. ஒட்டி வெச்சிருக்காங்க. இதுல போகாத."

அவன் காரைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். வெயிலில் அது தண்ணீரில் நனைந்த ரோஜா மாதிரி நின்றது. அவள் வேலை அவ்வளவு சுத்தம். பக்கத்தில் பெட்ரோல் போட வந்த ஒருவர்கூட, "நல்லா வெச்சிருக்கீங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"யாரோ என்னவோ சொன்னாங்கன்னு வந்துட்டியா? இதுல ஒரு கீறல் காட்டு பாப்போம்."

அவளால் காட்ட முடியவில்லை. எங்கே என்று தெரிந்த அவள் கண்ணுக்கே கோடு படவில்லை. விரலை வைத்துத் தேடினாள். கண் கலங்கிக்கொண்டு வந்தது. கொக்கியிடம் பெயின்ட் கரைக்கும் தின்னர் கேட்டு வாங்கினாள். ஏப்ரன் நுனியை நனைத்துப் பில்லரைத் தேய்த்தாள். துணியில் சிவப்பு இறங்கியது. மெழுகு போய், பாலிஷ் போய், கோடு மெல்ல வெளியே வந்தது.

"பெயின்ட் விரிசல்தானே? பழைய வண்டின்னா இருக்காதா? நீ ஏன் இப்படித் தேச்சு நாசம் பண்ற?" தம்பியின் குரல் ஏறிவிட்டது. அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

அவள் கையை விடுவித்துக்கொண்டு காருக்குள் குனிந்தாள். போன் மாட்டுவதற்காக அவன் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கி எடுத்தாள். கூரையில் வைத்தாள், ஒட்டியது. கதவில் வைத்தாள்; ஒட்டியது. பில்லரின் கோட்டில் வைத்துக் கையை எடுத்தாள். கீழே விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் விழுந்தது. கனத்த பட்டியில் காந்தம் பிடிக்காது. மூன்றாம் முறை தம்பியே வாங்கி வைத்துப் பார்த்தான்.

அதற்குப் பிறகு கொக்கி திருப்புளியும் சுத்தியலும் கொண்டுவந்து கொடுத்தார். அவள் முழங்காலிட்டு, கதவுக்குக் கீழே பட்டையில் இருந்த கோட்டில் திருப்புளியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தாள். பிஸ்கட் கனத்துக்குப் பட்டி பெயர்ந்து காலடியில் விழுந்தது. உள்ளே கரடுமுரடான வெல்டிங். துருவேறி, பாதி விட்டுப்போய், விரல் நுழையும் இடைவெளி. அதன் வழியாகத் தரையில் கிடந்த வெயில் தெரிந்தது.

தம்பி மனைவி குழந்தையை இறுக்கிக்கொண்டு இன்னும் பின்னால் போனாள்.

தம்பி குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"நீ தேச்சப்ப இந்தக் கோடு தெரிஞ்சுதா?"

அவளுக்குப் பொய் நுனி நாக்கு வரை வந்தது.

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதான் மூடினியா?"

"ஆமா."

"வேற யாராவது வாங்கியிருந்தா இப்படி ஓடி வந்திருப்பியாக்கா?"

முந்தின நாள் சாயங்காலமே முதலாளிக்குப் போன் செய்ததை அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் மூடின கையும் அவளுடையதுதானே. தம்பி பைகளை இறக்கினான். மூன்று பேரும் சாலையைத் தாண்டிப் பஸ்ஸுக்காகப் போய் நின்றார்கள். பஸ் வந்தது, ஏறினார்கள். தம்பி மனைவி மட்டும் ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்தாள்.

காரை இழுவை வண்டியில் மாட்டி யார்டுக்கு இழுத்து வந்தார்கள். முதலாளி அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கத்தவில்லை.

"வெளியூர்க்காரன் எவனுக்காவது தள்ளிவிடலாம்னுதான் இருந்தேன். உன் தம்பி வந்து நிப்பான்னு நான் என்ன கனவா கண்டேன்? இப்ப போலீஸுக்குப் போவியா? போ. வெட்டி ஒட்டினவன் செத்துப் போயிட்டான். பட்டி போட்டு மறைச்சவன் உன் ரூம்ல படுத்திருக்கான். முதல்ல அவனத்தான் தூக்குவாங்க."

"தம்பி குடுத்த பணத்தத் திருப்பிக் குடுத்திருங்க. வண்டிய என் கண்ணு முன்னாடி உடைக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

"குடுக்கறேன். உடைக்கிறேன். ஆனா நீ இனிமே இங்க வேணாம்மா." கொஞ்சம் நிறுத்தி, "உன்ன நான் எப்படி வெச்சிருந்தேன்," என்றார். உண்மையிலேயே மனம் நொந்துதான் சொன்னார்.

வண்டியை உடைத்தார்கள். இரும்பு வெட்டும் கேஸ் கட்டரின் நெருப்பு பட்டதும் முன்பாதி தானாகவே பிரிந்து சாய்ந்தது. அவள் நின்று பார்த்துவிட்டுப் போய் மூட்டை கட்டினாள்.

இப்போது பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறாள். அங்கே பாலிஷும் இல்லை, பளபளாவும் இல்லை; "ஏம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். டிப்போவுக்குப் பின்னால் ஓர் அறை. ஜன்னல் எதிர்ச் சுவரைப் பார்த்து இருக்கிறது. ஆஸ்பத்திரி தூரமாகிவிட்டதால் பயிற்சி நின்றுபோயிற்று. கணவரின் கால் இன்னும் மரத்துவிட்டது. தம்பி பேசுவதில்லை. அவன் மனைவி மட்டும் எப்போதாவது பாப்பாவின் படம் அனுப்புவாள். அதோடு ஒரு வார்த்தையும் வராது.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறொன்று. குடிவந்த புதிதில் ஒரு நாள் கணவருக்கு முகம் துடைத்துவிடும்போது கேட்டாள்:

"அது ஒண்ணுதானா? இல்ல, இன்னும் இருக்கா?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். அவர் அழுதார். வேணாம் என்ற சொல்கூட வரவில்லை.

அன்றிலிருந்து விடுமுறை நாட்களில் அவள் தெருத்தெருவாகப் போகிறாள். பழைய கார் நின்றால் கிட்டே போய்ப் பில்லரைப் பார்க்கிறாள், பட்டையைக் குனிந்து பார்க்கிறாள், ஒரு சின்னக் காந்தத்தை வைத்து எடுக்கிறாள். திருட வந்தவள் என்று விரட்டியிருக்கிறார்கள். பைத்தியம் என்று பிள்ளைகள் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். ஒரு டாக்ஸிக்காரர் தண்ணீரை வாரி ஊற்றினார்.

ஒரே ஒருத்தி காது கொடுத்தாள். தையல் கடை வைத்திருக்கும் பெண், பழைய பச்சைக் கார் ஒன்று அவளிடம் இருந்தது. அதன் பில்லரில் ஒரு கோடு இருந்தது. பளபளா சொன்னதைக் கேட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அடுத்த வாரம் போனபோது கடை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லையாம். வெறும் பெயின்ட் விரிசலாம். பயத்துல எனக்கு ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல, தெரியுமா?"

"அப்படியாம்மா? நல்லதும்மா. ரொம்ப நல்லது," என்றாள் பளபளா. தெருமுனை வரை வந்து, மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து அழுதாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார். என்ன கலர் என்று கேட்பதுபோல் இடது கையைக் காற்றில் பூசிக் காட்டினார்.

"பச்சை."

இல்லை என்று தலையாட்டினார். பிறகு அந்தக் கையால் படுக்கையைத் தடவி, விரிப்பின் நுனியைப் பிடித்து அவள் பக்கம் தூக்கிக் காட்டினார். அது வெள்ளை விரிப்பு.

அவள் வெளியே வந்து டிப்போ வாசலில் நின்றாள். சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. பாதிக்குமேல் வெள்ளை.